வெயிலில் தொலையும் எழுத்து

நான் பிறந்து வளர்ந்த ரவாங்குக்கு ஒரு பெருமை உண்டு. அவ்வூர்க்காரர்களிலேயே பலர் அதனை அறிந்திருப்பதில்லை. மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்ததாகப் பதிவாகியிருப்பது இங்கேதான். 1894-ஆம் ஆண்டு, தங்கள் ஈயச் சுரங்கத்தை இயக்குவதற்காக லோக் யூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் மின்னாக்கியை நிறுவினார்கள். ஆம், பத்துமலைத் திருத்தலத்தோடு பெயர் பிணைந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். மின்னொளியை அவ்வளவு முன்பே கண்ட ஓர் ஊரில், இன்று பட்டப்பகலில், கையிலுள்ள ஒளி போதாமல் மனிதர்கள் திண்டாடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? நான் சொல்வது கைப்பேசித் திரையைப் பற்றித்தான்.

நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இது ஒரு பெரிய சிக்கலாகத் தோன்றாது. விரிவுரை மண்டபத்திலும் நூலகத்திலும் விடுதி அறையிலும் திரை பளிச்சென்று தெரிகிறது. வெளியே வரும்போது தெரியவில்லையென்றால் நான்கடி நடந்து ஒரு மரநிழலில் நின்றுகொள்கிறோம். நிழலுக்கு நகர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? இக்கேள்வி கடந்த பருவ விடுமுறையில்தான் எனக்குள் எழுந்தது.

என் தாய்மாமன் உணவு விநியோகம் செய்பவர். வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு மோட்டார் சைக்கிளையே பிழைப்பாக்கிக்கொண்டவர். விடுமுறையில் கைச்செலவுக்காக நானும் அவரோடு அதே வேலைக்குப் பதிந்துகொண்டேன். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரைதான் கட்டளைகள் குவியும் நேரம். கடையின் பெயர், வீட்டு எண், செல்லும் வழி, மீதமுள்ள நிமிடங்கள் என அத்தனையும் கைப்பிடியில் பொருத்திய அந்தச் சிறு கண்ணாடிக்குள்தான் இருக்கின்றன. ஆனால், பார்த்தால் தெரிவது என் முகமும் வானமும்தான்!

“இது போனா, கண்ணாடியா மாமா?” என்று முதல் நாளே கேட்டேன்.

“பழகிடும் தம்பி. ஒரு கைய மேல வச்சு மறைச்சுக்கிட்டுப் பாரு, தெரியும்” என்றார் அவர்.

ஒரு கையால் மறைத்தால் கைப்பிடியைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். ரவாங் சாலைகளில் ஓடும் கனரக லாரிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள், சமிக்ஞை விளக்கருகே மாமா அப்படித் திரையை மறைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இடப்பக்கம் திரும்பிய ஒரு லாரியின் பின்சக்கரம் அவருடைய காலணியை உரசாத குறையாகச் சென்றது. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இது ஏன் நிகழ்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

விளங்கிய செய்தி மிக எளியது. தாள் சூரியனிடம் ஒளியைக் கடன் வாங்குகிறது; கைப்பேசியோ சூரியனோடு போட்டி போடுகிறது. வெயில் ஏற ஏறத் தாளிலுள்ள எழுத்து தெளிவாகும். திரையிலுள்ள எழுத்து மங்கும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். திரையின் ஒளிர்வை ‘நிட்’ என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு மெழுகுவத்தி அளவு ஒளி வந்தால் அது ஒரு நிட். மலிவு விலைக் கைப்பேசிகள் பலவும் ஏறத்தாழ 400 முதல் 500 நிட் வரையே ஒளிரக்கூடியவை. அறைக்குள் அது தாராளம். ஆனால், உச்சி வெயிலில் கிடக்கும் ஒரு வெள்ளைத் தாள் சுமார் 25,000 நிட் அளவுக்குப் பளபளக்கிறது. அதாவது, திரையைப் போல் ஐம்பது மடங்கு! அந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண் திரையைப் பார்த்தால், பகலில் எரியும் அகல்விளக்கைப் பார்த்தது போல்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய எதிரி பிரதிபலிப்பு. சாதாரணக் கண்ணாடிப் பரப்பு தன்மீது விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. நாம் வெள்ளைச் சட்டை அணிந்திருப்பதாகக் கொள்வோம். சட்டை செங்குத்தாக இருப்பதால் தாளின் பளபளப்பில் பாதிதான் அதற்குண்டு என்றாலும் 12,500 நிட். அதில் 4 விழுக்காடு 500 நிட். நம் சட்டையின் நிழலுருவமே திரையின் முழு ஒளிக்குச் சமமாகிவிடுகிறது! கறுப்பாக இருக்க வேண்டிய எழுத்து 500 நிட்டாகவும், வெள்ளையாக இருக்க வேண்டிய பின்னணி 1,000 நிட்டாகவும் தெரிகின்றன. இருட்டறையில் ஆயிரத்துக்கு ஒன்று என்றிருந்த வேறுபாடு, வெயிலில் இரண்டுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. எழுத்தைப் படிப்பதற்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் இணைய அணுகல் வழிகாட்டி வகுத்திருக்கிறது. மாமாவின் திரை அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இத்தோடு நின்றதா? ஒளி போதவில்லையென்று கைப்பேசி தன் விளக்கை முழுவதும் ஏற்றுகிறது. அதனால் சூடாகிறது. மேலே வெயில், கீழே இயந்திரத்தின் வெப்பம். சூடு எல்லை மீறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் திரையைத் தானே மங்கச் செய்துவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளை 0 முதல் 35 பாகை வரையிலான சுற்றுப்புற வெப்பத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. நம் நாட்டு நண்பகல் அந்த எல்லையின் வாசலில்தான் எப்போதும் நிற்கிறது.

நம் கடிகாரமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி முதல் நாளில் அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. ஆகவே, இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று. ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. அலுவலகங்கள் பசியாறும் நேரமும் அதுவே. உணவு கொண்டு செல்பவர் மிக அதிகமாகத் திரையைப் பார்க்க வேண்டிய வேளையும், திரை மிகக் குறைவாகத் தெரியும் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

அப்படியானால் இதற்குத் தீர்வே இல்லையா? இருந்தது, இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 3310 கைப்பேசியை நம் அண்ணன்மார் அறிவர். அதன் கறுப்பு எழுத்துத் திரை தாளைப் போல் வெளியொளியையே பயன்படுத்தியது. வெயிலில் நன்றாகவே தெரிந்தது. 2007-இல் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கென உருவான எக்ஸ்ஓ மடிக்கணினி, வெயிலில் பின்விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கும்படி அமைக்கப்பட்டது. வண்ணமும் அசையும் படமும் வேண்டுமென்று நாம் கேட்டோம், வெயிலை விட்டுக்கொடுத்தோம். இப்போது அந்த வெயிலைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். 2022-இல் வந்த ஐபோன் 14 புரோ வெளியிடங்களில் 2,000 நிட் வரை ஒளிரக்கூடியது. அதை வாங்க வல்லவர் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கிறார். நாளெல்லாம் வெயிலில் நிற்பவரிடம் இருப்பதோ 500 நிட். என்னை மிகவும் உறுத்தியது இந்த முரண்தான்.

நம் முன்னோரும் எழுத்துத் தெரியாத சிக்கலைச் சந்தித்தவர்களே. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. அவர்கள் பெரிய விளக்கைத் தேடவில்லை. விளக்குக் கரியைக் குழைத்து ஓலையின்மீது பூசித் துடைத்தார்கள். கீறலில் மட்டும் கரி தங்கியது. எழுத்து எழுந்து நின்றது. படிப்பதற்கு வேண்டியது ஒளி மட்டுமன்று, எழுத்துக்கும் பின்னணிக்குமான வேறுபாடு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அதையே நானும் மாமாவின் கைப்பேசியில் செய்து பார்த்தேன். அவர் கறுப்புப் பின்னணியை வைத்திருந்தார். இரவில் கண்ணுக்கு இதமானது. ஆனால், வெயிலில் கறுப்புத் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். அதனை வெள்ளைப் பின்னணிக்கு மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். வழியைக் குரலில் சொல்லுமாறு அமைத்தேன். வெள்ளைச் சட்டைக்குப் பதில் கருநீலச் சட்டை அணியச் சொன்னேன். “எழுத்து தெரியுது தம்பி, ஆனா முதுகு வேகுது” என்றார். ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டியிருக்கிறது.

சில ஓட்டுநர்கள் கைப்பேசிக்கென்றே ஓர் உள்ளங்கை அளவு குடையைப் பொருத்தியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் நமக்குச் சிரிப்பு வரும். சற்று நின்று யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். கருவிக்குக் குடை, மனிதனுக்கு இல்லை!

2025 ஆகஸ்டில் கிக் தொழிலாளர்களுக்கான சட்ட மசோதாவை நம் மக்களவை நிறைவேற்றியது. வரவேற்கத்தக்கதே. எனினும், எல்லாவற்றையும் சட்டம் வந்துதான் திருத்த வேண்டும் என்பதில்லை. நம் சங்க உறுப்பினர்களுள் கணினியியல் பயில்வோர் பலர் உண்டு. நாளை இத்தகைய செயலிகளை வடிவமைக்கப்போகிறவர்கள் நீங்கள்தாம். சாம்பல் நிறப் பின்னணியில் இளஞ்சாம்பல் எழுத்து அழகாகத்தான் இருக்கும். வீட்டு எண்ணில் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் ஒருவர் வெயிலில் மூன்று வீட்டு வாசலில் நிற்க வேண்டிவரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தமிழில் எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். வேறுபாடு குறையும்போது முதலில் மறைவது மெல்லிய கோடும் சிறு புள்ளியும்தான். புள்ளி போனால் நம் மெய்யெழுத்தே போய்விடும்.

ஆகவே, நீங்கள் உருவாக்கும் எதையும் ஒருமுறை நண்பகல் ஒன்றேகால் மணிக்கு வெளியே எடுத்துச் சென்று, ஒரு மலிவு விலைக் கைப்பேசியில் படித்துப் பாருங்கள். அங்கே தெரிந்தால் எங்கும் தெரியும். உணவு சற்றுத் தாமதமாக வந்தால், கொண்டுவந்தவரை நிழலில் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். அடுத்த முகவரியை அவர் அங்கேயே நின்று நிதானமாகப் படித்துக்கொள்ளட்டும்.