செஞ்சியில் ஒருநாள் இறங்கிப் பாருங்கள்!

சென்னையிலிருந்து கீழ்பென்னாத்தூரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் செஞ்சிக் கோட்டையைப் பேருந்து ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுக் கடந்துவிடுவோம். இந்த விடுமுறையில் பிள்ளைகள் அடம்பிடிக்க, ஒருவழியாக இறங்கினோம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை வளைத்து நிற்கிறது மதில். உள்ளே அடுக்கடுக்காக உயரும் கல்யாண மஹால், நெற்களஞ்சியம், யானைக்குளம். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். காலையிலேயே ஏறிவிடுங்கள், உச்சிவெயிலில் பாறை சுடும். தண்ணீர் அவசியம். தின்பண்டங்களைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் சாமர்த்தியம்!

உச்சியை நெருங்கும்போது ஆழமான பாறைப் பிளவு, அதன்மேல் சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் எதிரியால் உள்ளே வர முடியாது. 1677-ல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தபோது முகலாயர்கள் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டும், 1698-ல்தான் பிடிக்க முடிந்தது. 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது.

இறங்கியதும் பக்கத்திலுள்ள திருநாதர்குன்றுக்கும் போய் வாருங்கள். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமணத் துறவியைச் சொல்லும் பழங்கல்வெட்டும் இங்குதான் இருக்கிறது. கோட்டைக்காக அத்தனை பேர் சண்டையிட்ட ஊரில், எல்லாவற்றையும் விட்டுவிட்டவருக்கும் ஒரு குன்று!

இத்தனை வருடம் இதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தோம்.