பந்து யார் கையில்?

2009 பிப்ரவரி 15 அன்று டியூக் பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணி பாஸ்டன் காலேஜிடம் 80-74 என்ற கணக்கில் தோற்றது. கடைசி ஆறு ஆட்டங்களில் அது நான்காவது தோல்வி. ஜனவரி இறுதியில் அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி அது. பிறகு வேக் ஃபாரஸ்டிடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது. கிளெம்சனிடம் 27 புள்ளி வித்தியாசத்தில் நொறுங்கியது. சொந்த அரங்கிலேயே, பல்லாண்டுப் பகையாளியான வட கரோலினாவுக்கு 101 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆட்டத்துக்கு நான்கு நாள்களே இருந்தன. பயிற்சியாளர் மைக் ஷெஷெவ்ஸ்கியின் முன் இருந்த கேள்வி ஒன்றுதான்: தொடக்க ஐவரில் பாயின்ட் கார்டாக யாரை நிறுத்துவது?

அந்த இடத்தின் கனம் கூடைப்பந்து பழகியவர்களுக்குத் தெரியும். பந்தைத் தன் பாதியிலிருந்து எதிர்ப் பாதிக்குக் கொண்டுசெல்பவர் அவர். கல்லூரி விதிப்படி அதற்குப் பத்து நொடிதான் அவகாசம். பயிற்சியாளர் சொன்ன வியூகத்தைத் தொடங்கிவைப்பதும், யாருக்கு எப்போது பந்து போக வேண்டும் என்று கணிப்பதும் அவர் வேலையே. தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்போர் ஆயிரம் பேர். ஆனால் தெருமுனையில் தேர் திரும்புவது சக்கரத்தடியில் கட்டை போடுகிறவரின் கையில் இருக்கிறது. பாயின்ட் கார்டு அந்தக் கட்டை போடுகிறவர்.

ஷெஷெவ்ஸ்கிக்கு இந்த இடம் புத்தகத்தில் படித்தறிந்தது அன்று. 1960களின் இறுதியில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி அணியில் அவர் ஆடியது இதே இடத்தில்தான். 1980இல் டியூக்குக்கு வந்த பிறகு அவர் கட்டிய அணிகளும் இந்த முதுகெலும்பின் மேல் நின்றவையே. டாமி அமேக்கர், பாபி ஹர்லி, ஜேசன் வில்லியம்ஸ் என்று அந்த வரிசை நீண்டது. 1991, 1992 ஆகிய இரு கோப்பைகளையும் வென்ற அணியின் பாயின்ட் கார்டான ஹர்லி, 1993இல் கல்லூரியை விட்டபோது 1076 அசிஸ்டுகளோடு அன்றைய தேசியச் சாதனையைத் தன்வசம் வைத்திருந்தார். அத்தகைய மரபுள்ள இடத்தில் 2009இல் தெளிவான ஓர் ஆள் இல்லை.

கிரெக் பாலஸ் இறுதியாண்டு மாணவர். பள்ளிப் பருவத்தில் அமெரிக்கக் கால்பந்தில் நாட்டின் தலைசிறந்த குவார்ட்டர்பேக்குகளுள் ஒருவர். அந்த வழியை விட்டுக் கூடைப்பந்துக்காக டியூக்குக்கு வந்தவர். முதலாண்டிலேயே பாயின்ட் கார்டு பொறுப்பு அவர் தோளில் ஏறியது. மூன்று ஆண்டுகள் பெரும்பாலான ஆட்டங்களில் அவரே தொடக்க ஐவரில் நின்றார். அணியின் வியூகங்களை அவரைவிட நன்கறிந்தவர் இல்லை. ஆனால் விரைந்து பாயும் எதிரணிக் காவலர்களின் முன் அவர் கால்கள் பின்தங்கின. நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் பெஞ்சுக்கு மாற்றப்பட்டு, இரண்டாமாண்டு மாணவரான நோலன் ஸ்மித்துக்கு அந்த இடம் தரப்பட்டது. ஸ்மித்திடம் வேகமும் தற்காப்பும் இருந்தன. புள்ளி எடுக்கும் இயல்பான ஆட்டத்தோடு, பிறரை ஆட்டுவிக்கும் பொறுப்பையும் சுமப்பது அந்த வயதில் அவருக்குப் பாரமாயிற்று. ஒருவரிடம் அறிவு, மற்றவரிடம் வேகம். பிப்ரவரி நடுப்பகுதியில் இரண்டும் போதாமல் போயின.

பிப்ரவரி 19 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் செயின்ட் ஜான்ஸ் அணிக்கு எதிராகப் பந்தைக் கொண்டுவந்தவர் மூன்றாமாண்டு மாணவரான ஜான் ஷையர். அவர் பாயின்ட் கார்டே அல்லர். பள்ளி ஆட்டமொன்றில் 75 நொடிகளில் 21 புள்ளிகள் எடுத்துப் பெயர் பெற்ற எறிவீரர். முந்தைய ஆண்டில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கியவர். மின்னல் வேகம் அவரிடம் இல்லை. எதிராளியைத் தனியாக ஏமாற்றிக் கடந்துபோகும் வித்தையும் அவருடைய பலம் அன்று. அவரிடம் இருந்தது ஒன்றுதான்: பந்தை வீணாகப் பறிகொடுக்க மாட்டார்.

இந்தத் தேர்வின் உட்பொருள் இங்கேதான் இருக்கிறது. ஒரு கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பந்து ஏறத்தாழ 65 முதல் 70 முறை கிடைக்கும். எறிந்த பந்து கூடையில் விழாவிட்டால் உயரமான ஆட்டக்காரர்கள் அதை எட்டிப் பிடித்து மீண்டும் எறியலாம். எதிரணியின் கைக்குப் போய்விட்ட பந்துக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஆகவே தவறிய எறிதலைவிடப் பறிகொடுத்த பந்தே பெரிய இழப்பு. ‘பாயின்ட் கார்டுக்குரிய இலக்கணம் யாரிடம் அதிகம்?’ என்று கேட்டால் விடை பாலஸ் அல்லது ஸ்மித். ‘இந்த அணி எதை இழந்துகொண்டிருக்கிறது, அதை யார் நிறுத்துவார்?’ என்று கேட்டால் விடை ஷையர். ஷையர் பொறுப்பேற்றதால் முதலாண்டு மாணவரான எலியட் வில்லியம்ஸ் தொடக்க ஐவருக்குள் வந்தார். காவலில் குறைந்திருந்த வேகத்தை அவர் ஈடுசெய்தார்.

செயின்ட் ஜான்ஸிடம் டியூக் வென்றது. அதிலிருந்து மாநாட்டுக் கோப்பையின் இறுதிப் போட்டி வரையான ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி. இறுதிப் போட்டியில் ஃபுளோரிடா ஸ்டேட்டை வீழ்த்திக் கோப்பையை எடுத்தபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஷையர். எனினும் கதை அங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. இரு வாரங்களுக்குள் தேசியப் போட்டியில் வில்லனோவாவிடம் 77-54 என்று டியூக் சுருண்டது. அன்றைய இரவோடு கணக்கை மூடியிருந்தால், இயல்பான பாயின்ட் கார்டு இல்லாத அணியின் தவிர்க்க முடியாத முடிவு என்றே அதை எழுதியிருப்பார்கள்.

ஷெஷெவ்ஸ்கி தம் தேர்வை மாற்றவில்லை. அடுத்த பருவத்தில் வில்லியம்ஸும் ஜெரால்ட் ஹெண்டர்சனும் அணியில் இல்லை. ஷையரே முழுநேரப் பாயின்ட் கார்டு ஆனார். பந்தைச் சுமக்கும் கடமை நீங்கிய ஸ்மித், பக்கத்தில் நின்று தம் இயல்பான ஆட்டத்தை ஆடினார். ஷையர் 18.2, கைல் சிங்ளர் 17.7, ஸ்மித் 17.4 என மூவரின் சராசரியும் 17 புள்ளிகளைத் தாண்டியது. ஷையர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து அசிஸ்டுகள் தந்தார். பறிகொடுத்தது சராசரியாக இரண்டுக்கும் குறைவு. தவறிய பந்துகளை அள்ள 7 அடி 1 அங்குல பிரையன் ஜூபெக் கூடைக்கடியில் நின்றார். 2010 ஏப்ரல் 5 அன்று இண்டியானாபொலிஸில் பட்லர் அணியை 61-59 என்று வென்று டியூக் தேசியக் கோப்பையை எடுத்தது. நேரம் முடியும் தறுவாயில் கார்டன் ஹேவர்டு மைதானத்தின் நடுவிலிருந்து எறிந்த பந்து பலகையிலும் வளையத்திலும் பட்டு வெளியே விழுந்தது. தேர்வு சரியா தவறா என்ற தீர்ப்பு எவ்வளவு மெல்லிய விளிம்பில் நிற்கிறது என்பதற்கு அந்தப் பந்தே சாட்சி.

அந்த வெற்றி மேடையில் பாலஸ் இல்லை. கூடைப்பந்துக்குரிய நான்கு பருவங்களும் அவருக்கு முடிந்திருந்தன. ஆனால் வேறொரு விளையாட்டில் ஐந்தாம் ஆண்டு ஆட விதி இடமளித்தது. அவர் சொந்த ஊரான சிராக்யூஸுக்குத் திரும்பி, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராகச் சேர்ந்தார். நான்காண்டுகளுக்கு முன் கைவிட்ட அமெரிக்கக் கால்பந்தை மீண்டும் கையிலெடுத்து, 2009 பருவத்தில் அந்த அணியின் குவார்ட்டர்பேக்காக ஆடினார். அணி வென்றது நான்கு, தோற்றது எட்டு. வெற்றிக் கதைகளில் இடம்பெறும் எண்கள் அல்ல இவை. ஆயினும் ஓரிடத்தில் ‘நீ வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்ட ஓர் இளைஞர், மற்றோரிடத்தில் அதேபோன்ற பொறுப்புக்குத் தம்மை முன்வைத்தார் என்பது சிறிய செய்தி அன்று.

ஸ்மித்தின் கதை வேறு வழியில் சென்றது. 2010-11 பருவத்தில் கைரி இர்விங் என்னும் முதலாண்டு மாணவர் வந்தார். பாயின்ட் கார்டு இடம் விவாதமின்றி அவருக்கே போயிற்று. எட்டாவது ஆட்டத்தில் இர்விங்கின் கால் கட்டைவிரலில் காயம். பந்து மீண்டும் ஸ்மித்தின் கைக்கு வந்தது. இரண்டாமாண்டில் பாரமாயிருந்த அதே வேலை இறுதியாண்டில் அவருக்குப் பொருந்திவிட்டது. அந்தப் பருவத்தில் மாநாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2009இல் அவரைப் பற்றி எடுத்த முடிவு தவறன்று. ஆனால் அது 2009க்கு மட்டுமே உரிய முடிவு. ‘இவருக்கு இது வராது’ என்பதும் ‘இவருக்கு இது இன்னும் வரவில்லை’ என்பதும் ஒன்றல்ல. தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்போர் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இதுவே. குழப்பத்தின் விலையைக் கொடுப்பவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருபது வயது மாணவர்.

பிற்காலத்தில் மூவருமே பயிற்சியாளர்களானார்கள். பாலஸ் 2019இல் நயாகரா பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஸ்மித் சிறிது காலம் டியூக்கிலேயே துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2022இல் ஷெஷெவ்ஸ்கி ஓய்வுபெற்றபோது அவருடைய நாற்காலியில் அமர்ந்தவர் ஷையர். பருவம் தொடங்கும்போது, பந்தை யார் கையில் கொடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டிய இடம் இப்போது அவர்களுடையது. கொடுக்காமல் விட்டவரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதையும் அவர்களே அன்று முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.