சட்டகத்துக்குள் செம்பனை

சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றில் படகேறும் எல்லாருக்கும் ஒராங் ஊத்தான் தரிசனம் கிடைப்பதில்லை. எங்களுக்குக் கிடைத்தது. கரையோர மரத்தில் ஒரு தாய், வயிற்றோடு ஒட்டியபடி குட்டி. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

குட்டி ஆறேழு வருடமாவது தாயோடுதான் திரியும். எதைத் தின்னலாம், கூடு எப்படிக் கட்டலாம், எல்லாம் அவளிடம்தான் பாடம். அடுத்த குட்டி பிறக்க ஏழெட்டு வருடம் ஆகும். குட்டியைப் பிடித்து விற்பவர்கள் முதலில் தாயைக் கொல்வார்கள். உயிரோடிருந்தால் அவள் விடமாட்டாளே. 2016இல் போர்னியோ ஒராங் ஊத்தான், அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

நெருக்கமாக எடுத்த படத்தில் இரண்டு முகங்கள் மட்டும். பார்க்கிறவர்கள் “ஐயோ, என்னா அழகு!” என்கிறார்கள். அகலமாக எடுத்ததில் அவர்கள் இருவரும் சின்னப் புள்ளி; மர இடைவெளியில் வரிசை வரிசையாகச் செம்பனை.

அம்மா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். அந்தக் காசில்தான் நான் படித்தேன், இந்தக் கேமரா வரைக்கும் வந்தேன். படத்தைக் கையில் வாங்கியவர் குட்டியைப் பார்க்கவில்லை.

“பின்னால தெரியறது நம்ம பனைதானே? அப்ப இதுங்க எங்கதான்யா போவும்?”

அழகான படத்தை மட்டும் கேட்பவர்களுக்கும் இப்போது இரண்டையும்தான் அனுப்புகிறேன்.