அக்கமணியும் குன்றிமணியும்

சைவ நன்மக்கள் அணிதற்குரிய சிவசின்னங்களுள் கண்டிகை யென்னும் உருத்திராக்கமும் ஒன்றாம். உருத்திரனது கண் என்பது அச்சொல்லின் பொருள். முப்புரத்தவரால் துன்புற்ற தேவர்கள் முறையிட்ட ஞான்று இறைவன் திருக்கண்கள் சிந்திய நீரே அம்மணியாயிற்று எனப் புராணங்கள் கூறும். ஆகலின், அது பிறவுயிர்களின் துயர் நோக்கிப் பிறந்த அருளின் அடையாளமாதல் பெறப்படும். மூர்த்தி நாயனார் மதுரையில் அரசேற்ற காலத்துப் பொன்னணியை விடுத்துக் கண்டிகையையே அணிகலனாகக் கொண்டார். மெய்கண்ட தேவரும் சிவஞானபோதம் 12-ஆம் சூத்திரத்தில் அடியார் திருவேடத்தை இறைவனாகவே கண்டு வழிபடுமாறு அருளினார்.

இம்மணி இமயமலைச் சாரலிலும் சாவகம் முதலிய தீவுகளிலும் வளரும் மரத்தினது நீலநிறப் பழத்தின் கொட்டையாம். அதன்மேல் நீளவாட்டில் ஓடும் கோடுகளைக் கொண்டு முகங்கள் எண்ணப்படும். ஐம்முக மணியே பெரும்பான்மை. 108 மணி கோத்துச் செபிப்போர் நாயகமணியைக் கடவாது மாலையைத் திருப்பி மீள எண்ணுதல் மரபு. எண்ணுவது விரலின் தொழில்; ஐந்தெழுத்தில் நெஞ்சு நிலைத்தலே அதன் பயன்.

இனி, மணியாகக் கோக்கப்படும் விதைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. செந்நிறமும் கருமூக்கும் உடைய குன்றிமணி பொற்கொல்லர்க்கு நிறைகல்லாயும், மண்ணாற் செய்த பிள்ளையார்க்குத் திருக்கண்ணாயும் நெடுங்காலம் பயின்று வந்தது. செபமாலைக்கு உதவியமை பற்றியே ஐரோப்பிய நூலார் அதன் இலத்தீன் பெயரில் வேண்டுதலைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்தனர். ஆயின், அவ்விதையுள் அப்ரின் என்னும் கொடுநஞ்சு உளது. ஓடு சிதையாத விதை விழுங்கப்படினும் பெரும்பாலும் அவ்வாறே கழிந்துவிடும். மெல்லப்படினும் உடைபடினும் நஞ்சு உடலிற் கலக்கும். கோத்தற்பொருட்டுத் துளையிட்ட விதையிலோ அக்காப்பு முன்னரே அழிந்தது. ஆதலின், கோவாத மணியினும் கோத்த மணியே அஞ்சத்தக்கது. 2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இவ்விதையாற் செய்து விற்கப்பட்ட கைவளையங்கள் இதுபற்றியே திரும்பப் பெறப்பட்டன.

அற்றேல், நஞ்சு கலந்த பாற்சோறு அப்பரடிகட்கு அமுதாயிற்றன்றோ, மந்திரம் செபித்த மணி தீங்கு செய்யுமோ எனின், கூறுதும். அடிகட்கு அந்நஞ்சைப் பிறர் இட்டனர். அடிகள் அதனைப் பிறர்க்கு இட்டாரல்லர். தம் பத்தியின் உறுதியைச் சோதித்தற்கு மனையிலுள்ள மழலையின் உயிரைப் பணையமாக வைத்தல் பத்தியாகாது, அறியாமையேயாம்.

ஆகவே, செபமாலைக்குக் குன்றிமணியை விலக்குக. பிள்ளையார்க்குக் கண்ணாக வைத்த மணிகளையும் எண்ணி எடுத்துக் குழவிகட்கு எட்டாவிடத்து வைக்க. ஒரு மணி வாய்ப்பட்டதென ஐயுறினும், நோய்க்குறி தோன்றுமளவும் காத்திராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. அந்நஞ்சிற்கு முறிமருந்து இன்றளவும் இல்லை. உருத்திராக்கத்தையும் நூல் நைந்ததோ எனப் பார்த்து அணிக. உறங்கும் குழவியின் கழுத்தில் எம்மாலையும் விடற்க.

உலகம் உய்தற்பொருட்டு ஆலத்தைத் தன் மிடற்றில் அடக்கினான் இறைவன். அவன் பெயரை எண்ணும் மாலையினின்று பிறர்க்கு நஞ்சு செல்லாவாறு காத்தலும் அவ்வழிபாட்டின் ஓர் உறுப்பேயாம்.