கொசுவம் என் கையில்

எங்கள் குடும்பத்தில் முப்பதைத் தாண்டிய பெண்களில் பாதிப் பேருக்குச் சேலை கட்டத் தெரியாது. அதற்குக் காரணம் நான்.

கல்யாணம், பரிசம், காதுகுத்து, எதுவானாலும் விடியுமுன் என் அறை வாசலில் வரிசை நிற்கும். அண்ணன் மகள், நாத்தனார் மகள், அவள் கூட்டி வந்த தோழி. உள்பாவாடையை இறுக்கிக் கட்டச் சொல்வேன். வலது இடுப்பில் முனையைச் செருகி ஒரு சுற்று. முந்தானையை இடது தோளில் போட்டு நீளம் பார்ப்பது. மிச்சத் துணியைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே கொசுவமாக மடித்துச் செருகுவது. ஐந்தரை மீட்டர் துணிக்கு எனக்கு ஐந்து நிமிஷம் போதும். வாயில் எப்போதும் ஊக்குகள் இருக்கும். ஊக்கைக் கவ்விக்கொண்டு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நல்ல சாக்கு அது. உண்மை வேறு. "அத்தை கட்டுனாதான் நிக்கும்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. சொல்லிக்கொடுத்துவிட்டால் வரிசை கலைந்துபோகும்.

இதில் கூடுதல் வெட்கக்கேடு, நான் ஆசிரியை. இடைநிலைப்பள்ளியில் நன்னெறிக் கல்வி எடுத்தவள். எஸ்.பி.எம். தேர்வுக்கு ஒரு காலத்தில் அந்தப் பாடத்தில் 36 பண்புகள். ஒவ்வொன்றுக்கும் மலாயில் ஒரு விளக்கம். சொல் பிசகாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். என் பிள்ளைகள் செய்தார்கள். மரியாதைக்கான விளக்கத்தைப் பிழையில்லாமல் எழுதிய பையன் ஒருவன், சீன நண்பனின் தாத்தா இறந்த வீட்டுக்குச் சிவப்புச் சட்டையில் போய் நின்றான். சீனர் வீட்டுத் துக்கத்துக்கு வெள்ளையோ கறுப்போ போட வேண்டும், பணத்தை வெள்ளை உறையில் வைத்துக் கொடுக்க வேண்டும், சிவப்பு ஆகாது. புறப்படும்போது அவர்களே சிவப்பு நூல் கொடுப்பார்கள், அதை வாங்கிக்கொள்ளலாம். இத்தனையும் எனக்குத் தெரியும். திரும்பி வந்தவனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "அடுத்த தடவை போறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளு."

கேட்டான். பள்ளியை விட்டுப் போன பிறகும் கேட்டான். நிறுவன விருந்துக்குக் கோட்டா, பாத்தேக்கா? முழுக்கைப் பாத்தேக் போதும், இந்த நாட்டில் அதுவும் சம்பிரதாய உடைதான் என்று பதில் போட்டேன். அரண்மனை நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தபோது மஞ்சள் சட்டை போடலாமா என்றான். தைப்பூசத்துக்கு மஞ்சள் போட்டு வளர்ந்த பையனுக்கு, மலாய் அரசவையில் அது அரசருக்கான நிறம் என்பது தானாக எப்படித் தெரியும்? உடனே பதில் போட்டேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சொல்லிக்கொடுக்க இடமில்லை என்றும் நான் தப்ப முடியாது. வகுப்புப் பிள்ளைகளைப் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு அழைத்துப் போவது என் வழக்கம். எங்கள் தலைமுறைக்கு இன்னும் அது பிட் ஸ்திரீட்தான். 1801-இல் காதர் முகைதீன் நிறுவிய பள்ளிவாசல். குவீன் ஸ்திரீட்டைப் பார்த்தபடி, இந்தச் சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் 1833-ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோயில். கொஞ்சம் தள்ளி குவான் யின் கோயில். முனையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நிதானமாக நடந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும் தூரம்.

இந்தத் தூரத்துக்குள் வழக்கம் தலைகீழாக மாறும். அம்மன் கோயிலிலும் பள்ளிவாசலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். தேவாலயத்திலும் குவான் யின் கோயிலிலும் காலணியோடு போகலாம். பள்ளிவாசலில் பெண்பிள்ளைகள் தலையை மூட வேண்டும். தேவாலயத்தில் ஆண்பிள்ளைகள் தொப்பியை எடுக்க வேண்டும். குவான் யின் கோயிலில் நீங்கள் என்ன உடுத்தியிருக்கிறீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ஊதுபத்தி முன்னால் நிற்பவர் சட்டையைச் சுடாமலிருந்தால் சரி. ஓரிடத்தில் மரியாதையாக இருப்பது இன்னோரிடத்தில் அவமரியாதை ஆகிறதே, ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம். முந்தின நாளே "நாளைக்கு நாலு இடத்துக்கும் ஒத்துவருகிற மாதிரி உடுத்திக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

நான் செய்தது என்ன? பை நிறையச் சால்வை கொண்டு போனேன். பள்ளிவாசலில் இரவலாகத் தரும் அங்கியை நானே எடுத்து, நானே மாட்டி, பெண்பிள்ளைகளின் தலையை நானே மூடிவிட்டேன். தேவாலய வாசலில் "தொப்பி" என்று முணுமுணுத்து நானே பிடுங்கினேன். எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் வாசலில் டீச்சர் இருப்பார் என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரு பிள்ளையையும் முந்தின இரவு அலமாரியைத் திறந்து யோசிக்க நான் விடவில்லை.

2015-இல் அரசு அலுவலகங்களுக்குப் போன பெண்கள் சிலருக்கு, முழங்கால் தெரிகிறது என்று இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சாரோங் கொடுத்தார்கள். நாடே பேசியது. நானும் கோபப்பட்டேன். சால்வைப் பையோடு அலைந்தவளுக்கு அந்தக் கோபம் பொருந்துமா என்று அப்போது தோன்றவில்லை.

கீழ் இடைநிலைப் பள்ளியில் கெமாஹிரான் ஹிடுப், அதாவது வாழ்வியல் திறன், என்றொரு பாடம் இருந்தது. 2017-இலிருந்து அதன் இடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்தது. பாடம் போனதால்தான் பிள்ளைகளுக்குத் தன் கையால் எதுவும் செய்யத் தெரியவில்லை என்று பழி போட வசதிதான். ஆனால் என் மகள் அந்தப் பாடத்தைப் படித்தவள். பொத்தான் தைப்பாள், பிளக் மாட்டுவாள். ஊசியையும் திருப்புளியையும் அவள் கையில் கொடுத்தார்கள், கற்றுக்கொண்டாள்.

சேலை மட்டும் வராது. கோலாலம்பூரில் அலுவலகத் தீபாவளி விருந்துக்குக் காசு கொடுத்து ஆள் வைத்துக் கட்டிக்கொண்டாள். யூடியூப் பார்த்துக் கட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

"பாத்துக் கட்டுனேன்மா. நல்லாதான் வந்துச்சு. அப்பறம் அவுத்துட்டேன்."

"ஏன்?"

"போட்டோ உங்களுக்கு வரும்ல? நீங்க ஒரு தடவகூட கொசுவத்த என் கையில குடுத்ததில்ல."

பதில் சொல்லாமல் போனை வைத்தேன். கோபம்கூட வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அதன் பிறகு அண்ணன் மகளின் பரிசத்தன்று ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். வாயில் ஊக்கு இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல அவளே கட்டினாள். கொசுவம் ஒரு பக்கம் ஏறி, கரை கோணலாக, கணுக்காலுக்கு மேலே நின்றது. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து அவளுக்கு ஒரே பூரிப்பு. "நல்லாயிருக்கு" என்று சொல்லி, கார் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். மண்டபத்தில் இறங்கியதும் அவளைப் பெண்கள் அறைக்குள் இழுத்துப் போய், மொத்தத்தையும் உருவி நானே கட்டிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் யாரோ கேட்டார்கள், சேலை கட்டு இவ்வளவு அழகாக இருக்கிறதே, யார் கட்டியது என்று.

"நான்தான்" என்றேன்.

தையில் அவளுக்குக் கல்யாணம். தோழிப்பெண்கள் எல்லாரும் இப்போதே என்னிடம் சொல்லிவைத்துவிட்டார்கள். சரியென்றுதான் சொல்லியிருக்கிறேன்.