கழுவாத கறிவேப்பிலை

"குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டதாம், போய் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று ஆசிரியர் அனுப்பி வைத்தார். அருவியில் குளித்தேன், மங்குஸ்தான் தின்றேன். ஆனால் எழுத நேர்ந்ததோ கறிவேப்பிலையைப் பற்றி!

தென்காசிக்குப் பக்கத்தில் என் அத்தைக்குச் சிறு தோட்டம் உண்டு. அங்கே விளைவது பாவூர்ச்சத்திரம் சந்தைக்குப் போய், லாரி ஏறி, புளியரை தாண்டி மலையாளத்துக்குப் போகும். தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறது என்று 2015-ல் கேரளத்தில் எழுந்த கூக்குரல் நினைவிருக்கலாம். அவர்களுக்கும் பழைய தழும்பு ஒன்று உண்டு. 1958-ல் பாரத்தியான் மருந்து கலந்த கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தைக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. "நம்ம இலையையா குறை சொல்லுதாங்க? நீயே கொண்டுபோய்ச் சோதிச்சுப் பாரு ஏட்டி!" என்று ஒரு பை நிறையக் கறிவேப்பிலை கொடுத்தாள். பொதிகை ரயிலில் அது என்னோடு சென்னைக்கு வந்தது.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி பையைத் திறந்ததும் சிரித்துவிட்டாள்.

"கழுவித் துடைத்தல்லவா கொடுத்திருக்கிறார்கள்! சமையலுக்குத்தான் கழுவ வேண்டும், சோதனைக்குக் கழுவக்கூடாது. வாழைப்பழம் என்றால் தோலோடுதான் அரைப்போம். தழையானால் அரைக் கிலோவாவது, கத்தரிக்காயானால் ஒரு கிலோவாவது வேண்டும். அதையும் தோட்டத்தில் பல இடங்களில் பறிக்க வேண்டும். ஆமாம், இது எந்தப் பாத்தி?"

எனக்குத் தெரியவில்லை. அத்தைக்குப் போன் செய்தேன். சற்று நேரம் பேச்சில்லை.

"வீட்டுப் பாத்திதான். அதுக்கு மருந்து அடிக்கிறதில்லை. விக்கிற பாத்திக்குத்தானே அடிக்கோம்..."

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரலே இறங்கிவிட்டது.

இரண்டாவது பை, விற்கிற பாத்தியிலிருந்து, கழுவாமல் வந்தது. தோழியின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சமையல் மாதிரியேதான்! மிக்ஸியின் சூட்டில் மருந்து ஆவியாகிவிடக் கூடாதென்று 'டிரை ஐஸ்' போட்டு உறைய வைத்து அரைத்தாள். விழுதில் பத்து கிராம் நிறுத்து, அசிட்டோநைட்ரில் என்ற திரவம் பத்து மில்லி விட்டாள். ஈரம் நீக்கிய பேதி உப்பு நாலு கிராம், சோற்றுப்பு ஒரு கிராம் போட்டுக் குலுக்கினாள். வேகமாகச் சுழற்றியதும், மோரில் வெண்ணெய் திரள்கிற மாதிரி, மருந்தை இழுத்துக்கொண்ட திரவம் மேலே தெளிந்து நின்றது. 2003-ல் வெளியான முறையாம் இது. அப்புறம் பச்சையத்தை நீக்கிக் கருவியில் ஏற்றினால், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடுமாம்!

அறிக்கையில் இரண்டு மருந்துகளின் பெயர் இருந்தது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

"புளித் தண்ணியில ஊறப்போட்டா போயிராதா?"

"மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும், அத்தை. செடி உள்ளே இழுத்துக்கொண்டது போகாதாம்."

மறுவாரம் அவளே கூப்பிட்டாள். "மருந்து டப்பாவைக் கண்ணாடி போட்டு வாசிச்சேன். அடிச்சு இத்தனை நாள் கழிச்சுத்தான் பறிக்கணும்னு அதிலேயே போட்டிருக்கு ஏட்டி. இத்தனை வருஷமா ஒருத்தரும் வாசிக்கலியே!"

குற்றாலக் கட்டுரை எங்கே என்று ஆசிரியர் கேட்கிறார். இதுதான் என்று கொடுத்துவிட்டேன்.