கொட்டிலின் சாவி

மின்வாளில் விரல் இழந்தவர்களைப் பற்றிய செய்திகளை இரண்டு அங்குலத்துக்குள் சுருக்கி, உட்பக்கமொன்றின் அடியில் போட்டவன் நான். அத்தகைய செய்தியொன்று என் வீட்டு வளவுக்குள்ளேயே நிகழவிருந்ததை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

வீட்டின் கோடிப்புறத்தில் தகரக் கூரையிட்ட கொட்டிலொன்று உண்டு. ஒரு மேசை வாள், ஒரு கிரைண்டர், ஒரு துளையிடும் இயந்திரம் ஆகியவை அங்கே என் சொத்துக்கள். வாரம் முழுவதும் சொற்களோடு மல்லுக்கட்டிய களைப்பை விடுமுறை நாளில் மரத்தோடு ஆற்றிக்கொள்வது என் வழக்கம்.

பாடசாலை விடுமுறைக் காலம். மதிய உறக்கத்தில் இருந்த என்னை வாளின் இரைச்சல் எழுப்பியது. ஓடிச் சென்று பார்த்தேன். பன்னிரண்டு வயதான என் தம்பியின் மகன், பலகையொன்றை வாளை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தான். கத்தினால் திரும்புவான், திரும்பினால் கை வழுக்கும். ஆகவே ஒன்றும் பேசாமல், சுவரில் இருந்த பிரதான ஆளியை அணைத்தேன். வாள் சுழன்று ஓயும்வரை கடந்த சில விநாடிகள் மிக நீண்டவை.

“பெரியப்பா, நான் ஒண்டும் உடைக்கேல்லை. விக்கெட் பொல்லுத்தான் செய்தனான். நீங்கள் செய்யேக்கை பாத்தனான்தானே” என்றான்.

குற்றவாளி அவனல்லன். கொட்டிலைப் பூட்டிவிட்டுச் சாவியைக் குசினிக் கதவின் பின்னால் ஆணியில் மாட்டியவன் நான். சாவி தொங்கும் இடத்தை அறியாத பிள்ளை எந்த வீட்டிலும் இல்லை. “தொடாதே” என்ற சொல்லையே பூட்டாக நம்பியிருந்தேன்.

பத்து அங்குல வாள் நிமிடத்துக்கு 4000 தடவை சுழலுமாயின், அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர் வேகத்தில் செல்கின்றன. எந்த வேகப்பந்து வீச்சாளனும் எட்டாத வேகம் அது. பலகை சற்றுத் திரும்பி இறுகினால், வாளின் பின்புறப் பற்கள் அதனைத் தூக்கி, நிற்பவரின் மீதே எறியும். வீட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச் இதற்கு உதவாது. மின்கசிவைக் கண்டால் அது துண்டிக்கும். விரலைக் கண்டு துண்டிக்காது.

இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கோடிப்புறக் கொட்டிலுக்கோ எந்தப் பரிசோதகரும் வரப்போவதில்லை. அந்த வேலையை வீட்டுக்காரரே செய்ய வேண்டும்.

மறுவாரம் மின்னிணைப்பாளர் ஒருவரை அழைத்தேன். கொட்டிலுக்கெனத் தனிச் சுற்று அமைத்து, அதன் ஆளியைச் சாவியால் மட்டும் திருப்பக்கூடியதாக மாற்றினார். வாளுக்குக் காந்த ஆளியொன்றும் பொருத்தினார். மின்சாரம் நின்றால் அது தானாக விடுபட்டுவிடும். மின்சாரம் திரும்பினாலும் மீண்டும் பொத்தானை அழுத்தாமல் இயந்திரம் ஓடாது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. அணைக்க மறந்துபோன வாள், ஆளில்லாத வேளையில் தானே சுழலத் தொடங்குவதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு செலவு செய்ய இயலாதவர்கள், வயரின் முனையிலுள்ள பிளக்கை உறுதியான சிறு பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம். பிளக்கைக் கழற்றி வைப்பது மட்டும் போதாது. பிள்ளைக்கு மாட்டத் தெரியும். பற்றரியில் ஓடும் கருவிகளுக்குச் சுவர் ஆளி பொருட்டல்ல. அவற்றின் பற்றரிகளைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். சாவி எதுவாயினும் உடையவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

பூட்டிய அன்று அவன் முகம் வாடிப்போயிற்று. கைவாளொன்றைக் கொடுத்து, கோடு போட்டு அறுக்கப் பழக்கினேன். மூன்று விக்கெட் பொல்லுகளை அறுக்க இரண்டு நாள் எடுத்தான். அவற்றில் ஒன்று சற்றுக் கோணல். அதைத்தான் நடுப்பொல்லாக நாட்டி விளையாடுகிறார்கள்.